நீல டட்சனும் தாம்பூலத் தட்டும்

மருதப்பன் சொந்தமாகக் கார் வாங்கிவிட்டார் என்ற சேதி, கார் வந்து சேரும் முன்பே சிங்கப்பூர்க் கெர்பாவ் ரோடு முழுக்கப் பரவிவிட்டது. டிரைவர் கார் வாங்குவது என்பது, ஊருக்கெல்லாம் பந்தி வைக்கிற சமையல்காரர் ஒரு நாள் தானும் இலை முன்னால் உட்காருவதைப் போல. பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷமும் வரும், சிரிப்பும் வரும்.

இருபத்திரண்டு வருஷம் அவர் ஒரு கப்பல் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரைக்கு வண்டி ஓட்டினார். வீட்டு வாசல் அளவுக்கு அகலமான இங்கிலீஷ் கார். அறுபத்தேழில் துரை பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். மருதப்பன் தன் சேமிப்பையெல்லாம் திரட்டி, ஒரு நீல நிற டட்சனை வாங்கிக்கொண்டு வந்து, தான் குடியிருந்த மாடிக்குக் கீழே, அப்துல் கையூமின் மளிகைக் கடை முன்னால் நிறுத்தினார்.

கையூம் பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விரலை மடக்கி, பானட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மருதண்ணே, இது காரா, பால் டின்னா?"

"தட்டிப் பாக்குறதுக்கு இதென்ன தேங்காயா பாய்? ஓட்டிப் பாக்கணும்."

"அது சரி லா. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாத்தீங்களா? நாப்பத்திரண்டுல ஜப்பான்காரன் வந்தான், எங்கத்தாவோட சைக்கிளைப் புடுங்கிட்டுப் போனான். இப்ப அவனே கார் கொண்டாந்து விக்கிறான். சைக்கிளுக்கு ஏதாவது கழிச்சுக் குடுத்தானா, கேட்டீங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மருதப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காரின் பின்பெட்டியைத் திறந்து, கான்வாஸ் பையில் சுருட்டி வைத்திருந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எல்லாம் வண்டியோடு வந்தவை. கால் மிதிக்கு ரப்பர் பாய், சிகரெட் பற்றவைக்கிற சாமான், பின்சீட்டில் சாம்பல் தட்டு, எதற்கும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சாவியைத் திருப்பினார். இஞ்சின் கிளம்பியதே கையூம் பாய்க்குத் தெரியவில்லை. காதைக் கொண்டுபோய்ப் பானட்டின் மேல் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கேலி இல்லை.

"தையல் மிஷின் கணக்கா ஓடுதே அண்ணே!" என்றார்.

மாடி ஜன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மங்களத்துக்குக் கண் நிறைந்தது. ஆனால் வீரமாகாளியம்மன் கோயிலில் பூஜை போட, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க என்று அவளைக் கூட்டிப் போக வந்தாரே, அப்போது அவர் செய்த காரியம் அவளுக்குத் திக்கென்றது. ஓடிவந்து பின்கதவைத் திறந்து பிடித்தார். கை விறைப்பாக இருந்தது. பார்வை தரையில். அவள் ஏறி உட்காரும் வரை அப்படியே நின்று, ஓசை வராமல் கதவைச் சாத்தினார். அவர் கேலிக்காகச் செய்யவில்லை. தாம் செய்ததே அவருக்குத் தெரியவில்லை. அவள் அதைச் சொல்லிக்காட்டவுமில்லை.

அவளுக்கு அப்போது வேறு கவலை. மகள் லீலாவுக்கு ஒரு நல்ல இடம் தகைந்து வந்திருந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். அப்பா பாலகிருஷ்ணன் துறைமுகத்தில் பெரிய கிராணி. பத்துப் பதினைந்து குமாஸ்தாக்கள் அவருக்குக் கீழே. வந்து பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. ஆனால் எழுந்து போகும்போது பாலகிருஷ்ணனின் அக்கா ரத்தினம்மா, "பொண்ணோட அப்பா டிரைவரு தானே?" என்று யாரிடமோ கேட்டது மங்களத்தின் காதில் விழுந்துவிட்டது. அந்த 'தானே' அவளைப் பல நாள் தூங்கவிடவில்லை.

மங்களத்தின் வீடோ ஒற்றை அறை. நாலு பேர் வந்தால் மூன்று பேர் மாடிப்படியில்தான் நிற்க வேண்டும். அதனால் தட்டு மாற்றுவதைக் குவீன்ஸ்டவுனில் மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் மாற்றிவிட வேண்டும். தவறினால் ரத்தினம்மா அபசகுனம் என்பாள், இன்னொரு நாள் என்பாள். இன்னொரு நாள் என்று தள்ளிப்போன சம்பந்தங்கள் கைகூடியதை மங்களம் பார்த்ததில்லை. அவள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தன் புருஷன் அந்த வீட்டில் பெரிய கிராணிக்கு எதிர் நாற்காலியில், பெண்ணின் தகப்பனாக உட்கார வேண்டும். தட்டை அவர் கையால் கொடுத்து வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே கிளம்பினார்கள். முன்சீட்டில் மங்களத்தின் அண்ணன் மாணிக்கம், பின்னால் மங்களமும் அண்ணி அன்னம்மாவும், மடியில் தட்டுகள். செலிகி ரோடு, டோபி காட், ஆர்ச்சர்ட் ரோடு என்று கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. டாங்ளின் பக்கம் ஏறும்போது முன்னால் புகை கக்கிக்கொண்டிருந்த பெரிய லாரியை மருதப்பன் அலட்டிக்கொள்ளாமல் தாண்டினார். அன்னம்மாவின் மடியிலிருந்த வெற்றிலை ஒன்றுகூட அசையவில்லை.

"ஏன் மச்சான், பெட்ரோல் ரொம்பக் குடிக்குமோ?" என்றார் மாணிக்கம்.

"உங்க அளவுக்குக் குடிக்காது" என்றார் மருதப்பன். ஸ்டியரிங்கில் கை இருந்தால் அவருக்கு நாக்கு நன்றாகப் பேசும்.

அடுக்குமாடியின் படிக்கட்டு வாசலில் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கினார், கதவைத் திறந்து பிடித்தார், தட்டுகளை வாங்கி மாணிக்கத்தின் கையில் கொடுத்தார். "நீங்க மேல போங்க. நான் காரை விட்டுட்டு..." என்றார். பாக்கி வார்த்தை காற்றில் போய்விட்டது. வந்துவிடுவார் என்று இவர்களும் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள்.

மேலே பாய் விரித்து, நாற்காலி போட்டு, ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். பாலகிருஷ்ணன் வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மங்களம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி நாலடித்தது. காப்பி வந்தது. நாலு ஐந்து. நாலு பத்து.

"சம்பந்தி எங்கம்மா?" என்றார் பாலகிருஷ்ணன்.

"காரை நிறுத்தப் போயிருக்காருங்க."

"கார் நிறுத்துறதுக்கு இவ்வளவு நேரமா? கப்பலா கட்டுறாரு?" என்றாள் ரத்தினம்மா.

மாணிக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேரமாச்சுன்னா, தாய்மாமன் நான் இருக்கேன். நான் வாங்கிக்கிட்டாலும்..."

"தகப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கையிலே தாய்மாமன் வாங்குறதா? நல்லாருக்கு நியாயம்!" என்று வெட்டினாள் ரத்தினம்மா.

மங்களம் எழுந்துவிட்டாள். "ஒரு நிமிஷம், இதோ கூட்டிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிப் படியில் இறங்கினாள். என்ன ஆயிற்றோ, மனுஷன் கோபித்துக்கொண்டாரோ, மயங்கி விழுந்துவிட்டாரோ என்று மூன்று மாடிக்கும் மூன்று பயம்.

மருதப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார் பார்க்கின் கோடியில், மர நிழலாகப் பார்த்து, வண்டியின் முகம் வெளியே பார்க்கிற மாதிரி பின்னுக்கு ஓட்டி நிறுத்தியிருந்தார். படிக்கட்டு வாசல் கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடம். மஞ்சள் துணியால் பானட்டைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கியிருந்தார். மங்களம் வருவதைக் கண்டதும் துணியைச் சட்டென்று மறைத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"முடிஞ்சுதா? கெளம்பலாமா?" என்றார்.

மங்களத்துக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுங்க முடியணும்? நீங்க இல்லாம யாரு முடிக்கிறது? லீலாவுக்கு அப்பா யாரு?"

திறந்த கதவைப் பிடித்தபடியே மருதப்பன் நின்றார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது. பிறகு அந்த வெளிச்சம் அப்படியே வெட்கமாக மாறியது.

"ஐயோ" என்றார். "மங்களம், சத்தியமா எனக்குத் தோணவே இல்லை. ஆளை எறக்கிவிட்டா, நிழல் பாத்து நிறுத்துறது, தொடைக்கிறது, வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கிறது. காலு தானா அதைச் செய்யுது."

"சரி, இப்பவாவது வாங்க. இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு."

அவர் நகரவில்லை. "நான் உள்ள வந்து என்ன பேசுறது? அவரு பெரிய கிராணி. இந்த மாதிரி வீட்டு ஹாலுல நான் உக்காந்ததே இல்லை மங்களம். பொட்டி தூக்கிட்டுப் போயிருக்கேன், அவ்வளவுதான்."

மங்களம் பதில் சொல்லும் முன் படிக்கட்டு வாசலில் தடதடவென்று சத்தம். பாலகிருஷ்ணன் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். கையில் தாம்பூலத் தட்டு. பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு ரத்தினம்மா. அதற்கும் பின்னால் இன்னொரு தட்டுடன் மாணிக்கம், அன்னம்மா.

"சம்பந்தி, சம்பந்தி! எதுக்குக் கெளம்புறீங்க? நாங்க என்ன குறை வெச்சோம்?" பாலகிருஷ்ணனுக்கு மூச்சு வாங்கியது. "தாழ்வாரத்துலேருந்து பாக்குறேன், காரு கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க, சம்பந்தியம்மா அழுறாங்க. அக்கா ஏதாவது சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. அதுக்கு வாய் அப்படி."

"நான் என்னடா சொன்னேன்?" என்றாள் ரத்தினம்மா. ஆனாலும் சுருதி இறங்கித்தான் இருந்தது.

மங்களம் புருஷனைப் பார்த்தாள். ஒரு பொய் சொன்னால் போதும், கௌரவமாகத் தப்பித்துவிடலாம். மருதப்பனுக்குப் பொய் வரவில்லை.

"குறை ஒண்ணுமில்லைங்க. நான் டிரைவர். காரை விட்டு எறங்கி உள்ள வரணும்கிறதே மறந்துபோச்சு" என்றார்.

பாலகிருஷ்ணன் அவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீங்க பரவாயில்லை சம்பந்தி. என்னைப் பாருங்க, ஞாயித்துக்கிழமை, என் வீடு, என் மகன் விசேஷம். காலையில எந்திரிச்சவன் என்னை அறியாம ஆபீஸ் கழுத்துப் பட்டையைக் கட்டிக்கிட்டேன். எம் பொஞ்சாதி சொல்லித்தான் தெரிஞ்சுது. அவிழ்க்க வெட்கப்பட்டுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கேன்."

அவர் கண் மறுபடியும் காரின் மேல் போயிற்று. "இதுதான் டட்சனா? ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. கதவு இவ்வளவு லேசா இருக்கே, தாங்குமா?"

"சாத்திப் பாருங்க" என்றார் மருதப்பன்.

பாலகிருஷ்ணன் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு கதவை ஒற்றை விரலால் தள்ளினார். 'டக்' என்று ஒரே சத்தம்.

"எங்க துரை கார் கதவை ரெண்டு தரம் அறைஞ்சு சாத்தணும். இதைப் பாத்தீங்களா? கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கு, முன்னால மூணு பேர் உக்காரலாம். மழையில காலையில ஒரே திருப்புல கெளம்பும். சின்ன வண்டிதாங்க. ஆனா செஞ்சவன், இதை வாங்குறவன் நம்மளை மாதிரி ஆளுன்னு நெனச்சுச் செஞ்சிருக்கான்."

அவர் பேசப் பேச மங்களம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்திருந்தது. கைகள் பக்கத்தில் விறைத்துத் தொங்கவில்லை. கதவையும் சக்கரத்தையும் விளக்கையும் காட்டிக் காற்றில் அலைந்தன. பெரிய கிராணி குனிந்து, அவர் காட்டிய இடத்தையெல்லாம் மாணாக்கனைப் போலப் பார்த்தார்.

"நாலு இருபத்தாறு!" என்று ரத்தினம்மா கத்தினாள். "இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் மூணு மாடி ஏறுறதுக்குள்ள ராகு வந்து உக்காந்துடுவான். இங்கேயே மாத்துங்கடா!"

"நடுத்தெருவிலயா?" என்றார் மாணிக்கம்.

"புதுக்காரு, பூஜை போட்டது. மகாலட்சுமி. மேல எங்க வீட்டு மேஜையைவிடச் சுத்தமா இருக்கு. வெய்யி தட்டை!"

பாலகிருஷ்ணன் தம் தட்டைப் பானட்டின் மேல் வைத்தார். மருதப்பன் துடைத்திருந்த துடைப்பில் அது நிற்காமல் சர்ரென்று வழுக்கியது. தேங்காய் உருண்டது. அன்னம்மா பாய்ந்து பிடித்தாள். எல்லாரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். மாணிக்கம் தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தார், அதன் மேல் இரண்டு தட்டும் நின்றன.

கிழக்கு எது என்று ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. அதுவும் முடிந்ததும், பானட்டின் இந்தப் பக்கம் மருதப்பன், அந்தப் பக்கம் பாலகிருஷ்ணன். "என் மகள் லீலாவை உங்க மகனுக்குக் குடுக்க எங்களுக்குச் சம்மதம்" என்று மருதப்பன் சொன்னார். தட்டுகள் கை மாறின. மேலே தாழ்வாரங்களில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீனப் பெண்கள் எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டினார்கள்.

பிறகு எல்லாரும் சாப்பிட மேலே போனார்கள். பாலகிருஷ்ணன் மருதப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். பாதிப் படியிலேயே கழுத்துப் பட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். முதல் பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கேலனுக்கு எத்தனை மைல், டயர் எத்தனை நாள் வரும் என்று ஒருவர் கேட்க, மற்றவர் அப்பளத்தை வைத்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

கை கழுவத் தாழ்வாரத்துக்கு வந்த மங்களம் கீழே பார்த்தாள். மர நிழல் நகர்ந்துவிட்டது. நீல டட்சன் பளபளவென்று வெயிலில் தனியாக நின்றது. காய்கறிக் கூடையோடு வந்த ஒரு சீனக் கிழவி அதன் பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்த்து, நிதானமாகக் கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காரின் மேல் ஒரு கையை வேறு ஊன்றியிருந்தாள்.

உள்ளே மருதப்பன் இரண்டாம் தரம் பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். மங்களம் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை; சொன்னால் மஞ்சள் துணியோடு கீழே ஓடிவிடுவார்.