முதல் வாரத்துப் பாடம்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வெளிநாட்டு மாணவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேச வைப்பது என் வேலை. அக்ராவில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு டோகோ, பெனின், காபோன், காங்கோ என்று பிரெஞ்சு பேசும் நாடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து குவிகிறார்கள். அவர்கள் ஆங்கிலம் பழக வாரம் ஒரு பேச்சுக் கூட்டம், மனம் விட்டுப் பழக பருவத்துக்கு ஒரு சுற்றுலா. காகிதத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது. நடப்பது வேறு. "உங்க ஊர்ல மழைக்காலம் எப்படி இருக்கும்?" என்று கேள்வி அட்டையைப் பார்த்து ஒருவர் கேட்பார். "மழை பெய்யும்" என்பார் எதிரில் இருப்பவர். பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள். காபோனில் மழை பெய்யும் என்று இதுவரை நாற்பது பேராவது எனக்குச் சொல்லியிருப்பார்கள்.

பதினோரு வருஷம். அலுத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. என்னைப் பற்றி, செஃபாகோர் மேடம் சிரித்த முகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சிரிப்பை நான் காலையில் முகம் கழுவும்போதே போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை என் மேசையில் ஒரு விண்ணப்பம் கிடந்தது. லுவேம்பா என்கிற பையன் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறானாம். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். நான் அவனிடம் பேசிப் பார்க்க வேண்டும், அவன் கேட்காவிட்டால் கையெழுத்துப் போட்டு அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் மேலே அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் அவ்வளவுதான், இடம் போய்விடும், திரும்பி வர முடியாது.

எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். ஏழு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கூடத் தவறாதவன் அவன். காங்கோவில் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரன். எல்லோருக்கும் முன்னால், ஒரு மணிக்கே வந்துவிடுவான். அது நான் சாப்பிடுகிற நேரம். டப்பாவைத் திறந்து, புளித்த மக்காச்சோள மாவு உருண்டையான கென்கேவைப் பிட்டு மிளகாய் விழுதில் தோய்த்துக்கொண்டிருப்பேன், வாசலில் நிழல் விழும். நான் தலையைத் தூக்காமலே, "வாப்பா, சாப்பிடலாம்" என்பேன். "நன்றி மேடம், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொள்வான். பரவாயில்லையே, இந்தப் பிள்ளை நம் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டானே என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருக்கும்.

அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வருஷா வருஷம் முதல் வாரத்தில் ஒரே பாடம். இடது கையால் எதையும் நீட்டாதே. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போனால் வலது பக்கத்திலிருந்து கை கொடுத்துக்கொண்டு வா. மூன்றாவது, சாப்பாட்டு விஷயம். இந்த ஊரில் யார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கம் போகிறவரைப் பார்த்து 'வாங்க, சாப்பிடலாம்' என்பார்கள். அது மரியாதை. நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு ஒரு கதையையும் நடித்துக் காட்டுவேன். ஒரு காலத்தில் பெனின் நாட்டுப் பையன் ஒருவன், எங்கள் வாசல் காவலாளி கூப்பிட்டாரே என்று நிஜமாகவே உட்கார்ந்து அவருடைய கென்கே முழுவதையும் தின்று தீர்த்தான். பாவம் அந்த மனுஷன், கழுவிய கை காயும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் அறையே சிரித்து உருளும். அதோடு பாடம் முடியும், நானும் வீட்டுக்குப் போவேன்.

சனிக்கிழமை அபுரி மலைத் தோட்டத்துக்குச் சுற்றுலா. ட்ரோட்ரோ வேன் ஒன்றைப் பிடித்து இருபது பேரை அடைத்தோம். லுவேம்பாவை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன்.

"வீட்டு ஞாபகமாப்பா?"

"இல்லை மேடம். வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க."

"பாடம் கஷ்டமா?"

"இல்லை மேடம். பாடம் சுலபமா இருக்கு."

"அப்புறம் என்னதான்?"

"சொந்தக் காரணம் மேடம்."

அட்டையைப் பார்த்துப் படிப்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியத்தில் பதில். மலையில் வளைவு வளைவாக வண்டி ஏறியது, எனக்குத் தலை சுற்றியது. சரி, கேட்டாயிற்று, திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மதியம் மரத்தடியில் சாப்பாடு. எங்கள் கூட்டத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளும் சிலர் உண்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சுத் துணையாக. நாட்டின் வடக்குப் பக்கத்துப் பையன் வும்பினி அவர்களில் ஒருவன். பிஸ்கட்டுக்கும் கலருக்கும்தான் வருகிறான் என்பது என் கணக்கு. விடுதியில் லுவேம்பாவின் அறைத்தோழனும் அவன்தான். பெரிய சட்டி நிறைய பான்குக் களியும் வெண்டைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து நடுவில் வைத்தான். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். நான்காவதாக, காபோன் பெண் மெங்கே யாரும் கூப்பிடுவதற்கு முன்பே குழம்பில் கையை விட்டிருந்தாள். அவளுக்கு விசா தாமதமாகி மூன்றாவது வாரம்தான் வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து யார் கூப்பிட்டாலும் உட்கார்ந்துவிடுவாள். விடுதியில் எல்லோருக்கும் செல்லம்.

லுவேம்பா தூரத்தில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து மீன் டப்பாவைத் திறந்து ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தான்.

"வும்பினி, உன் ரூம்காரன் அங்க தனியா இருக்கான். ஒரு வார்த்தை கூப்பிட மாட்டியா?"

"யாரு, துரையவா? விடுங்க மேடம்."

"என்னது துரை?"

"பின்ன என்ன? ரூம்ல நாங்க மூணு பேரும் ஒரே சட்டியில சாப்பிடுவோம். அவரு வந்த நாள்லேர்ந்து தினம் கூப்பிட்டோம். 'நன்றி, நீங்க சாப்பிடுங்க'ன்னுட்டு கதவைத் தொறந்து வெளிய போயிடுவாரு. நாங்க கை கழுவுன பிறகுதான் உள்ள வருவாரு. ஒரு நாள் பேய் மழை. அன்னைக்கும் கெளம்பிட்டாரு மேடம்! எங்க கொழம்பு நாறுதா, இல்ல எங்க கை நாறுதா? ரெண்டு மாசம் கூப்பிட்டுப் பாத்தோம். அப்புறம் விட்டுட்டோம். எங்களுக்கும் ரோஷம் இருக்குல்ல?"

"அவ்ளோ நல்ல கொழம்பையா வேணாங்கறான்?" என்று மெங்கே வாய் நிறையக் கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரல், அந்த வாக்கியம், அந்த 'நீங்க சாப்பிடுங்க' எல்லாம் என்னுடையது. எழுந்து பெஞ்சுக்குப் போனேன். என்னைக் கண்டதும் லுவேம்பா ரொட்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, "வாங்க மேடம், சாப்பிடலாம்" என்றான். பிசகே இல்லை.

"ரூம்ல அவங்க கூப்பிட்டா நீ ஏன்பா உக்காரல?"

அவன் பையிலிருந்து நோட்டை எடுத்தான். முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். மூன்றாவது வரியில், 'சாப்பிட வா என்பது வணக்கம் மாதிரி. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

"இதை நான் ஒரு தடவகூட மீறுனதில்ல மேடம்" என்றான். அதில் பெருமை இருந்தது.

"மழையிலகூடவா?"

"அந்தச் சின்ன ரூம்ல நான் இருந்தா அவங்க திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும். அவங்களுக்குத்தானே கஷ்டம்?" அவன் டப்பாவின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க வீட்ல கூப்பிட்டு உக்காரலேன்னா எங்கம்மா மூணு நாள் பேச மாட்டாங்க. இங்க பழக்கம் வேறன்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா தினமும் சாயங்காலம், நம்மள வேணாம்னு நெனைக்கிறவங்க கூப்பிடறதக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போறது... அப்புறம் ஒரு நாள் அந்தக் கூப்பிடறதும் நின்னுபோச்சு. மரியாதைக்குக்கூட கூப்பிடலை. நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு களைச்சுட்டேன் மேடம். அதான் ஃபாரம் வாங்குனேன்."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் உங்களுக்கு பாதிதான்பா சொல்லிக்குடுத்தேன்" என்றேன். "வழியில போறவனக் கூப்பிடறது மரியாதைக்கு. ஒரே கூரைக்குள்ள படுத்து எந்திரிக்கிறவனக் கூப்பிடறது நெசமாவே. ரெண்டாந்தரம் கூப்பிட்டா நெசம். நகந்து எடம் விட்டா நெசம். தினம் கூப்பிட்டாங்கன்னா, தினமும் உன் பங்கு அந்தச் சட்டியில இருந்துச்சுன்னு அர்த்தம்."

"இத ஏன் மேடம் அன்னைக்கே சொல்லல?"

சொல்ல இன்னும் பத்து நிமிஷம் ஆகும். சிரிப்பு வந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது எனக்குச் சௌகரியம். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? "எனக்கு அலுப்பா இருந்துச்சு" என்றேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நீங்க கூப்பிட்டது மேடம்?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். ஒரே கூரை, தினமும், எடம் என்று இவ்வளவு பேசிவிட்டு என்னால் முடியவில்லை. "அது மரியாதைக்குத்தான்" என்றேன்.

"அங்கயாவது சரியா நடந்துக்கிட்டேன்" என்றான், நிஜமாகவே ஆறுதலாக. அதற்குப் பதில் அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

வும்பினியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "அடப்பாவி, மழையில நனைஞ்சது இதுக்காடா? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? உன்ன எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா!" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மெங்கே கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். லுவேம்பா உட்கார்ந்தான், ஒரு வாய் எடுத்தான். அதற்குமேல் இறங்கவில்லை, ரொட்டி தின்றுவிட்டேன் என்றான். ஏழு மாதத்து விலகல் ஒரு வாய் பான்குவில் போய்விடுமா?

"ஃபாரத்த என்னப்பா பண்றது?" என்று திரும்பி வந்து வேனிலிருந்து இறங்கும்போது கேட்டேன்.

"யோசிக்கிறேன் மேடம்."

அந்த வாரம் முழுவதும் அவன் வரவில்லை. போய்க் கேட்கலாம் என்று இரண்டு முறை விடுதி வரை நடந்து, கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று திரும்பிவிட்டேன். விண்ணப்பம் மேசையில் கிடந்தது. ஒவ்வொரு வருஷமும் இந்த மாதிரி இரண்டு மூன்று விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். எல்லாவற்றிலும் சொந்தக் காரணம்தான். பதினோரு வருஷத்தில் என் பாதிப் பாடத்தால் போனவர்கள் எத்தனை பேரோ.

வெள்ளிக்கிழமை நான்கு கென்கே, இரண்டு பொரித்த மீன் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்து வைத்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். வாசலில் நிழல் விழவில்லை. ஒன்றேகால். ஒன்றரை. பதினோரு வருஷமாக அந்த ஒரு மணி நேரம் யாரும் வந்து தொலைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான். அன்றைக்கு வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினேன். மீன் ஆறியது. நான் தொடவில்லை. போய்விட்டான், சொல்லாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டு மணிக்கு மற்றவர்கள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். இரண்டேகாலுக்கு வும்பினி நுழைந்தான், பின்னால் லுவேம்பா.

"மன்னிச்சுடுங்க மேடம். இவங்க சட்டி காலியாகற வரைக்கும் எந்திரிக்க விடலை" என்றான் லுவேம்பா. கையில் வெண்டைக்காய் வாசம்.

"துரை தின்னு பழகிட்டாரு மேடம். இப்ப எங்களுக்குப் பத்தல" என்றான் வும்பினி.

லுவேம்பா என் மேசையில் கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்தான். "இன்னும் இத அனுப்பலையா மேடம்?"

"இல்ல."

விண்ணப்பத்தை எடுத்து நான்காக மடித்து நோட்டின் முதல் பக்கத்தில் வைத்து மூடினான். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் அவன் திறந்திருந்த டப்பாவையும், இரண்டு மீனையும், எதிரில் கிடந்த நாற்காலியையும் கவனித்தான்.

"வாப்பா, சாப்பிடலாம்" என்றேன். தலையைத் தூக்கித்தான் சொன்னேன். "வா, உக்காரு" என்று இரண்டாம் முறையும் சொன்னேன்.

அவன் முகத்தில் ஒரு சங்கடம். வயிற்றை லேசாகத் தடவிக்கொண்டான்.

"நன்றி மேடம்" என்றான். "நீங்க சாப்பிடுங்க."

சொல்லிவிட்டுப் போய் வும்பினிக்கும் மெங்கேவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான். நான் டப்பாவை மூடினேன். இழுத்துப் போட்ட நாற்காலியை மறுபடி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, மழைக்காலத்து அட்டைகளை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குப் போனேன்.