நடுவில் பேச ஆளில்லை

“ஐயோ!” என்று குளியலறையிலிருந்து ஓர் அலறல் வந்தது. யாரையும் குறிப்பிட்டுக் கூப்பிடாத அலறல். அடுப்படியில் நின்ற பெரிய மருமகள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அந்த வீட்டின் இரண்டு மருமகள்களும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. காரணம் ஒரு துணிக்கொடி. வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். அதற்காக வீட்டு வேலை நிற்குமா? “பாப்பா, காஸ் தீர்ந்துபோச்சுன்னு உங்க பெரியம்மாகிட்டச் சொல்லு” என்பாள் சின்னவள். பெரியம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள். சின்னவளின் நாலு வயது மகள் அந்த இரண்டடியையும் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவாள். தபால் ஒரு நாளும் தவறியதில்லை.

இப்போது அந்தத் தபால் சின்னவளின் கையில் சொட்டச் சொட்டத் துவண்டு கிடந்தது. தண்ணீர்த் தொட்டியில் தலைகுப்புற விழுந்திருக்கிறாள். உதடு நீலம். சின்னவள் மகளின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கப் போனாள்.

“பாப்பா, தலைகீழாத் தூக்கக் கூடாதுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு!” என்று கத்தினாள் பெரியவள்.

பாப்பா சொல்லவில்லை.

பெரியவள் குழந்தையைப் பிடுங்கித் தரையில் கிடத்தினாள். பள்ளி வேனில் ஆயா வேலை அவளுக்கு. வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் பொம்மையை வைத்து முதலுதவிப் பயிற்சி கொடுப்பார்கள். அந்தப் பொம்மைக்குக் கால் கிடையாது. அதனால் பாப்பாவின் கால்களைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தாள். தோளைத் தட்டிக் கூப்பிட்டாள், அசைவில்லை. தலையைச் சாய்த்து, மோவாயை உயர்த்தி, பத்து எண்ணும் நேரம் மார்பையே பார்த்தாள். மூச்சில்லை. மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதினாள். பிறகு நெஞ்சின் நடுவே ஓர் உள்ளங்கையை வைத்து, உரக்க எண்ணியபடி அழுத்தத் தொடங்கினாள். முப்பது அழுத்தல், இரண்டு ஊதல். மறுபடியும் முப்பது.

சின்னவள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். முகவரி சொன்னாள். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள்.

“சார், மெதுவா அழுத்தச் சொல்லுங்க சார். எலும்பு உடைஞ்சிடும்.”

“யாரும்மா அழுத்தறது?”

“இவளோட பெரியம்மா.”

“எவ்வளவு தூரத்துல இருக்காங்க?”

“பக்கத்துலதான் சார்.”

“அவங்க எண்ணுறது கேக்குது, சரியாத்தான் இருக்கு. நல்லா அழுத்தட்டும், நிறுத்தவே வேணாம்னு நீங்களே சொல்லுங்கம்மா.”

சின்னவள் வாயைத் திறந்தாள். பழக்கம் விடவில்லை, மூடிக்கொண்டாள்.

நாலாவது சுற்றில் பாப்பா இருமினாள். வயிற்றுத் தண்ணீர் முழுக்கப் பெரியவளின் மடியில் கொட்டியது. பெரியவள் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பிறகு வந்தது அழுகை. அந்த வீட்டில் யாருக்கும் எரிச்சல் மூட்டாத முதல் அழுகை.

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. “ஒருத்தர்தான் கூட ஏறலாம். அம்மா யாரு?”

சின்னவள் ஒரு காலைப் படியில் வைத்தாள். எடுத்தாள். திரும்பிப் பெரியவளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நீங்க ஏறுங்கக்கா. எனக்கு அழ மட்டும்தான் தெரியும்.”