இடது தட்டு

…மறுபடியும் குட்டி விமானத்தின் இடது வால் தட்டுதான், ஊசிமுனைகளில் கீலைத் தாங்கி வைத்தால் பின்விளிம்பு மெல்ல இறங்கி மேசையைத் தொடுகிறது, வலது அப்படியே நிற்கிறது, இரண்டும் ஒரே வார்ப்பு, ஒரே டப்பா மஞ்சள், ஜனவரியில் இதே நிலவறையில் வலதுக்கு ஹௌகே அடித்தான், இடதுக்கு அவன் மனைவி வீப்கே, மே மாதம் அவள் இறந்துபோனாள். பூச்சைத் தடிப்பாக அடித்திருப்பாள், கை தாராளம் அவளுக்கு, ரொட்டியில் வெண்ணெய் தடவினாலும் அப்படித்தான். ரிமோட்டில் பறக்கும் குட்டி ஜெட், வேகம் பிடித்ததும் இந்தக் கூடுதல் எடை போதும், வால் தட்டு நடுங்கும், நடுக்கம் தானாக வளரும், கண் சிமிட்டுவதற்குள் வால் பிய்ந்துவிடும். கீலுக்கு முன்னால் ஈயம் வைக்கலாம், ஆனால் அதற்கான பொந்து ஏற்கெனவே நிறைந்துவிட்டது. பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும், அல்லது பறக்கவிடக் கூடாது. விமானங்களைச் சோதித்துப் பறக்கவிடும் சங்கத்து டெட்லெஃப் சொல்லிவிட்டார்: “இப்படியே கொண்டு வந்தா விடமாட்டேன்டா. புல்வெளில சின்னப் பசங்க நிப்பாங்க. தேய்ச்சு எடு, இல்ல அலமாரில வச்சுப் பூ போடு.” சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது, தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினார். பாவம்… உடுப்புகளை அவள் அக்கா எடுத்துப்போய்விட்டாள், ஹௌகேதான் பெட்டி கட்டிக்கொடுத்தான், அப்போதும் அழுகை வரவில்லை. அவள் கை பட்டதென்று இருப்பது இந்தத் தட்டு மட்டும். இது பறக்கும்போது பார்க்கவேண்டும் என்றவளும் அவள்தானே.

உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தான், மஞ்சள் தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகியது, இப்போதாவது அழுகை வருமா என்று காத்திருந்தான், வரவில்லை, தேய்த்தான், மஞ்சளுக்கு அடியில் தட்டின் வெள்ளை வரவேண்டும், வந்தது நீலம். துடைத்துப் பார்த்தான். நீலம்தான், கடைசிவரை, ஓரம் பிசிறாமல், பொறுமையாக அடித்த நீலம். எப்போது? வலதுக்கு அடித்துவிட்டு அவன் இரண்டு நாள் பிரேமன் நகரத்துக்கு வேலையாகப் போனான், திரும்பியபோது இடதும் மஞ்சளாக இருந்தது… கை தாராளம் இல்லை, இரண்டு பூச்சு. மஞ்சள் முழுவதும் போனதும் தட்டை ஊசிகளில் வைத்தான். இறங்கவில்லை. நீலத்தோடு சமமாக நின்றது.

டெட்லெஃப் போனில் கூப்பிட்டார். “என்னடா ஆச்சு?”

“நிக்குது.”

“அப்போ சனிக்கிழமை வா. சங்கத்துக்கு கேக் கொண்டு வர்றது இந்த வாரம் உன் முறை, கடையில வாங்கிட்டு வந்து நானே சுட்டேன்னு கதை விடாதே.”

சரி என்றான். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம், பறக்கட்டும், யாராவது கேட்டால்… என்ன சொல்வது? மஞ்சள் இருவருக்கும் பிடித்த நிறம் என்றுதான் இத்தனை மாதமும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். பிரேமனுக்குக் கிளம்பும்போது படியில் நின்று, மஞ்சள்தானே என்று அவளிடம் கேட்டது நினைவிருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்பதுதான் நினைவில் இல்லை.