தசரா விடுமுறையில் மூடாத மெஸ்

கர்நாடகத்தில் கதக் ஊர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இன்று எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். அவர்களைக் கவனிக்கக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அலுவலகமே இருக்கிறது. எண்பத்தெட்டில் அந்த அலுவலகம் நான்தான். புவியியல் நடத்திக்கொண்டிருந்த என்னைத் துணைவேந்தர் சங்கனகௌடர் கூப்பிட்டு, "நேத்ராவதி, நீதான் உலக வரைபடமும் கையுமா திரியுறே. வெளிநாட்டு மாணவர்களை நீயே பார்த்துக்கம்மா" என்றார். மாணவர்கள் என்றாரே தவிர, இருந்தது ஒரே ஒருவன்.

ஸாம்பியாக்காரன். பெயர் புவால்யா சந்தா. எங்கள் கன்னடத்தில் சந்த என்றால் அழகு. "பேரிலேயே அழகைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான் பாருங்க" என்று விடுதி மெஸ் சமையல்காரர் ஈரப்பா சிரித்தார். அன்றிலிருந்து அவன் எல்லோருக்கும் சந்தண்ணா. பொரியில் கலக்கும் கிர்மிட்டும் மிளகாய் பஜ்ஜியும் தின்று, எங்கள் ஊர்க் கன்னடத்தை வசவோடு சேர்த்துக் கற்றுக்கொண்டான்.

அந்தக் குளிர்காலத்தில் நார்வே பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் போட ஆட்கள் வருவதாக இருந்தது. கௌடருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நம்ம வளாகமும் சர்வதேச வளாகம்னு அவங்களுக்குத் தெரியணும். சந்தா தன்னோட ஊர் உடையில மேடையேறி ஒரு பாட்டுப் பாடட்டும்" என்றார்.

புவால்யாவிடம் சொன்னேன். "எங்கப்பா செம்புச் சுரங்கத்துல வேலை பார்க்கிறார் மேடம். சட்டை, பேன்ட்தான் போடுவார். நானும் அதேதான்."

கௌடர் விடவில்லை. கடைவீதித் தையல்காரரிடம் சொல்லி, சிறுத்தைப் புள்ளித் துணியில் அங்கி ஒன்று தைக்க வைத்தார். தோளில் கோழி இறகு வேறு. புவால்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மடித்து என் கையில் வைத்தான். "இதைப் போட்டா எங்கம்மாவுக்கே என்னை அடையாளம் தெரியாது" என்றான் கடைசியில்.

அங்கியை எடுத்துக்கொண்டு கௌடரிடம் போனேன்.

"போட மாட்டான் சார்."

"நீ சொன்னா போடுவான்."

"நான் சொல்ல மாட்டேன் சார்."

அவரிடம் அதற்கு முன் அப்படிப் பேசியதில்லை. அவர் அங்கியை வாங்கி மேஜைக்கு அடியில் போட்டார்.

விருந்தினர்கள் வந்தார்கள். புவால்யா வெள்ளைச் சட்டையில் நின்றான். வந்தவர்களின் தலைவி சூல்வெய்க் என்ற பேராசிரியை. "இங்கே உனக்கு என்னப்பா குறை?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். தலையாட்டினேன்.

"தசராவுக்கு மெஸ்ஸை மூடிடறாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போயிடறாங்க. என் வீடு கடலுக்கு அந்தப் பக்கம். போன தசரா முழுக்க பிஸ்கெட்டும் வாழைப்பழமும்தான். அப்புறம், எங்க ஊர்ல சிங்கம் இருக்கான்னு எல்லாரும் கேட்கிறாங்க. அங்க என்ன படிக்கிறாங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்லை."

கௌடர் முகம் கறுத்தது. சூல்வெய்க் மட்டும் பெருமூச்சு விட்டார். "எங்க ஊர்ல கிறிஸ்துமஸுக்கும் இதே கதைதான்." ஒப்பந்தம் கையெழுத்தானது.

அவர்கள் போனதும் கௌடர் என்னைக் கூப்பிட்டார். வசவு விழும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"பிஸ்கெட்டா தின்னான்?"

"ஆமா சார்."

"சிங்கம் இருக்கான்னு நானுமில்ல கேட்டேன்" என்றார்.

அடுத்த மாதமே புவால்யாவை அவன் நாட்டைப் பற்றிப் பேச அழைத்தார். அவன் கரும்பலகையில் ஸாம்பேசி ஆற்றை வரைந்து, செம்பைப் பற்றியும் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசினான். முன்வரிசையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டவர் கௌடர்தான்.

அடுத்து வந்த தசராவுக்கு மெஸ் மூடவில்லை. முதல் நாள் புவால்யா தனியாகச் சாப்பிட்டான். மறுநாள் வாசலில் யாத்கிர் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து நின்றான். "எனக்கும் கிடைக்குமா?" பஸ்ஸுக்குக் காசில்லாமல், போக வீடும் இல்லாமல் விடுமுறைதோறும் அறைக்குள் பட்டினி கிடந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"அடப்பாவிகளா, இத்தனை வருஷமா எங்கடா இருந்தீங்க?" என்று ஈரப்பா சோள மாவை அள்ளிப் போட்டார். புவால்யா எழுந்து ஜோள ரொட்டி பரிமாறினான்.

விஜயதசமியன்று கௌடர் இனிப்போடு வந்தார். பையன்கள் எங்கள் ஊர் முறைப்படி வன்னி இலையைத் தங்கமாகப் பாவித்துக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். புவால்யா ஓர் இலையை அவர் உள்ளங்கையில் வைத்து, "தங்கம் மாதிரி இருப்போம் சார்" என்றான். கௌடர் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். ரொட்டி கருகும் வாசம் வந்தது. ஈரப்பா அடுப்பை மறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.