நர்சம்மா ஏறாத வண்டி

பின்கதவு டமாலென்று சாத்தப்பட்ட சத்தம் கேட்டதும் மைக் வண்டியைக் கிளப்பிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. ராத்திரி டியூட்டி இருப்பதால் திரும்பும்போது பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டே வருகிறேன் என்று நர்சம்மா காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தாள். இரண்டு நாளாக ஆற்றங்கரையில் பரப்பி வைத்திருந்த பாய், அடுப்பு, மடக்கு நாற்காலி எல்லாம் உள்ளே ஏறியாயிற்று. கதவும் சாத்தியாயிற்று. ஆனால் சாத்தியது அவளுடைய மகள் வாலு. அம்மா வழக்கம்போல முன்சீட்டில் ஏறியிருப்பாள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். நர்சம்மாவோ, கடைசியாக ஒரே ஒரு முங்கு போடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வாளியோடு போய், பாறைக்கு அந்தப் பக்கம் கழுத்தளவுத் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

வண்டி ஒரு காலத்தில் ரொட்டி விநியோகம் செய்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நர்சம்மாவைக் கல்யாணம் செய்துகொண்ட கையோடு, மைக் அதை வாங்கினார். ரொட்டித் தட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, ஒரு குட்டித் தொட்டி, கையளவு ஜன்னல் என்று தானே இழைத்து இழைத்துக் கட்டினார். அப்போது வாலுவுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆற்றங்கரையில் மூலை கிடையாது என்பதுதான் அவருடைய கணக்கு. அது ஓரளவு பலித்தது. ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை கிளம்பிவிடுவார்கள். வாலு தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் அவர் ஒரு கழியை ஊன்றி ஊன்றி ஆழம் பார்ப்பார். அவள் கரையில் நின்று கொட்டாவி விடுவாள். ஆனாலும் அவர் முடிக்கும்வரை இறங்க மாட்டாள்.

மண்டபங்களிலும் கூட்டங்களிலும் ஒலிபெருக்கி கட்டுவது அவர் தொழில். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஓட்டுகிற இடத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே கனத்த தகரத் தடுப்பு இருந்ததால், ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு மைக்கும் பின்னால் ஒரு ஸ்பீக்கரும் வைத்திருந்தார். பின்னாலிருந்து பேச வழி கிடையாது. தடுப்பில் ஒரு தட்டு தட்டினால் 'ஆமாம்', மூன்று தட்டினால் 'வண்டியை நிறுத்து'. "நீங்க பேசணும், ஊரு கேக்கணும். தொழில் புத்தி எங்க போகும்?" என்பாள் நர்சம்மா.

இந்த முறை ஆற்றங்கரையில் அவர் பேசியது குறைவு. வாலுவைப் பெற்ற அப்பா தூரத்து நகரத்தில் இருக்கிறார். நல்ல மனுஷர்தான். பிளஸ் ஒன் படிக்கத் தன்னிடமே வந்துவிடச் சொல்லி, பெரிய பள்ளிக்கூடத்தின் விண்ணப்பத்தை அனுப்பியிருந்தார். நாளைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாலு திடீரென்று, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். "உன் இஷ்டம்மா. உனக்கு எது நல்லதோ அதைச் செய்" என்றார் அவர். நர்சம்மாகூட அன்றைக்கு, பெரிய மனசு உங்களுக்கு என்றாள். பெரிய மனசாவது மண்ணாங்கட்டியாவது. அன்றிலிருந்து அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

மண் பாதை முடிந்து தார்ச்சாலை வந்ததும் மைக்கைக் கையில் எடுத்தார். நேருக்கு நேர் என்றால் வாய் வராது. இதில் பேசுவது அவருக்குப் பழக்கம்.

"ஹலோ. கேக்குதா?"

ஒரு தட்டு.

"வாலு தூங்கிட்டாளா?"

கொஞ்சம் தாமதித்து ஒரு தட்டு வந்தது.

"நல்லதாப் போச்சு. நீயும் தூங்கு. நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வரேன். நான் அன்னிக்கு உன் இஷ்டம்னு சொன்னேனே, அது சுத்தப் பொய். அவ போறதுல எனக்குத் துளிகூட இஷ்டமில்ல. பெத்தவர் கூப்பிடறார், நடுவுல நான் யாரு? வாயத் தெறந்தா தப்பாயிடுமோன்னு பயந்துட்டேன். நீயும் பெரிய மனசுன்னு சொல்லிட்டியா, அதுக்கப்புறம் எப்படி மாத்திப் பேசறது?"

பின்னால் சத்தமில்லை. தூக்கத்தில் கேட்டால் கேட்கட்டும் என்று அவர் பாட்டுக்குத் தொடர்ந்தார். ஒரு லாரியை முந்தவிட்டார். அதற்குப் பிறகு மனசில் இருந்த ஒவ்வொன்றும் வெளியே வந்தது. வாலு ஈரத் துண்டைத் தன் ஆம்ப்ளிஃபயர் மேல் போடுகிறாளே என்று தினமும் கத்துவதையும், இரண்டு நாள் போடாவிட்டால் உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுவதையும் சொன்னார். ஈயம் பற்றவைக்கும்போது டார்ச் பிடித்து நிற்கிறாள், கை ஆடுவதே இல்லை, எந்தப் பையனை வேலைக்கு வைத்தாலும் அப்படிப் பிடிக்கமாட்டான் என்றார்.

"இன்னொண்ணு உன்கிட்ட மறைச்சுட்டேன். திட்டாத. போன மாசம் பெரிய மண்டபத்துல மைக் டெஸ்ட் பண்ணச் சொன்னேன். ஒன் டூ த்ரீ சொல்லுவான்னு பாத்தா, 'கணக்கு டெஸ்ட்ல இருபத்தெட்டு, அம்மாகிட்ட சொல்லாதீங்க'ங்கறா. வாட்ச்மேன் வரைக்கும் கேட்டுது. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்த எப்படிச் சொல்றது? பொண்ணு ஃபெயிலாயிட்டாளேன்னு கவலப்படணும். நானோ, முதல்ல நம்மகிட்ட சொன்னாளேன்னு வீடு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தேன். கேணையன் நான்."

செருமிக்கொண்டார்.

"நாளைக்கு நீயே அவகிட்ட சொல்லிடேன், போகாதன்னு. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம். என்னால முடியாது."

தட், தட், தட்.

ஓரமாக நிறுத்தினார். நர்சம்மாவுக்கு வாந்தி வருகிறதோ என்னவோ என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே வாலு நின்றுகொண்டிருந்தாள். மேல்படுக்கையைப் பார்த்தார், கீழ்ப்படுக்கையைப் பார்த்தார், பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"கணக்கு மார்க்க ஏன் சொன்னீங்க?" என்றாள் வாலு.

"அம்மா எங்க?"

"உங்ககூட இருக்காங்கன்னு நெனச்சேன். நீங்க பேச ஆரம்பிச்சதும்தான் தெரிஞ்சுது."

"அப்பவே நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே? பதினோரு கிலோமீட்டர் வந்தாச்சு!"

அவள் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். "மூணு தட்டத்தான் போனேன். நான் தூங்கிட்டேனான்னு கேட்டதும், என்ன சொல்றீங்கன்னு பாக்க ஒண்ணோட நிறுத்திட்டேன். நீங்க பொய்னு சொன்னீங்களா… மீதியும் கேக்கணும்போல இருந்துச்சு." கண் கலங்கியிருந்தது, அதை மறைக்க அவள் மெனக்கெடவில்லை. "அன்னிக்கு இஷ்டம்னு சொன்னப்போ, இவருக்கு நாம போனா நிம்மதி போலன்னு நெனச்சேன். தெரியுமா உங்களுக்கு?"

மைக் பாட்டிலைத் திறந்தார், மூடினார். பக்கத்தில் மைக்கும் இல்லை, தகரமும் இல்லை. சாலையில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.

"போகாதம்மா" என்றார். இரண்டாவது தரம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. "எனக்கு வீடு வீடா இருக்காது."

"முதல்ல அம்மாவ எடுத்துட்டு வருவோம். இல்லன்னா நம்ம ரெண்டு பேருக்குமே வீடு இருக்காது" என்று சொல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே குதித்தாள். நேராக முன்கதவைத் திறந்து ஏறினாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததில்லை. சார்ஜில் கிடந்த அம்மாவின் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கூப்பிட்டும் பிரயோஜனமில்ல" என்றாள். திரும்பிப் போகிற வழியில் ஒருமுறை அவள், எதிரில் பஸ் வருது என்றாள். பஸ் அவருக்கும் தெரிந்துதான் இருந்தது; ஆனாலும் சரிம்மா என்றார்.

ஆற்றங்கரையில் அவர்கள் வண்டி இரண்டு நாள் நின்ற இடத்தில் புல் நீளச் சதுரமாக அமுங்கி வெளுத்துக் கிடந்தது. அந்தச் சதுரத்துக்கு நட்ட நடுவில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நர்சம்மா உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வண்டியைக் கண்டதும் எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு, வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே வேகமாக வந்தாள். மைக் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதானார்.

முன்கதவுக்கு அருகில் வந்ததும் அவளுடைய நடை நின்றது.

வாலு ஜன்னலை இறக்கினாள். "நீ பின்னாடி படுத்துத் தூங்கும்மா, டியூட்டி இருக்கில்ல. நான் இவர்கூட முன்னாடி வரேன்."

நர்சம்மா மகளைப் பார்த்தாள். அவளைத் தாண்டி, சட்டைக் கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே திறந்திருக்க, ஈரப் பாவாடையிலிருந்து வெளுத்த புல்லின்மேல் ஆறு சொட்டிக்கொண்டிருந்தது.