நெருக்கக் கட்டு

கோமதியம்மாள் கட்டிய மல்லிகைச் சரத்துக்குள் ஒருமுறை ஒரு வண்டு நுழைந்துவிட்டது. பூ வாடி உதிரும்வரை அதற்கு வெளியே வர வழி கிடைக்கவில்லை. பொய்யென்று நினைப்பவர்கள் மாட்டுங்கா மார்க்கெட்டில் விசாரித்துக்கொள்ளலாம். அவ்வளவு நெருக்கமான கட்டு.

அந்தக் கட்டைப் பார்த்துத்தான் ஷேக் பரீத் அவளைத் தாராவிக்குக் கூப்பிட்டார். தோல் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவர் ஷேவிங் பிரஷ் செய்துகொண்டிருந்தார். அறுபத்து நாலாம் வருஷம் ஏஜெண்ட் ஜகந்நாதன் ஒரு புது ஆர்டர் கொண்டுவந்தார். வெளிநாட்டில் தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோக்காமல், முடியாலும் இறகாலும் செய்த பூச்சியைக் கட்டி எறிகிறார்களாம். பூச்சி தண்ணீர்மேல் மிதக்கும். மீன் நிஜமென்று நம்பி வந்து கவ்வும். சிறகு செய்யக் கன்றுக்குட்டியின் வால் முடி வேண்டும். தாராவியில் வேறு எது கிடைக்காவிட்டாலும் வால் கிடைக்கும்.

"அந்த ஊரு மீனுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு பாய்?" என்று கேட்டாள் கோமதியம்மாள்.

"நமக்கென்னம்மா அதைப் பத்தி? மால் மிதந்தாப் போதும்."

மால் மிதக்கவில்லை. ஜகந்நாதன் ஒரு பூச்சியை எடுத்து வாசலில் இருந்த மழைத்தண்ணி டிரம்மில் போட்டார். அது மூக்குக் குப்புறக் கவிழ்ந்து உள்ளே போனது. அடியில் பட்டு டங்கென்று சத்தம் கேட்டதாகப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சொன்னார்கள்.

"பூச்சியா இது? கழுத்துல கழலை வந்த மாதிரின்னா இருக்கு!" என்றார் ஜகந்நாதன். "திங்கட்கிழமை வரேன். அப்பவும் மிதக்கலேன்னா ஆர்டர் வேற எடத்துக்குப் போயிடும். நீங்க பிரஷ்ஷே பண்ணிண்டு இருங்கோ."

பிரஷ்ஷுக்கு முடியைக் கொதிக்கிற அரக்கில் பதிப்பது ஆண்பிள்ளைகள் வேலை. பூச்சி போனால் கோமதியம்மாளும் போக வேண்டியதுதான். திரும்பவும் நடைபாதை, நனைந்த கூடை, முனிசிபாலிட்டி லாரியைக் கண்டதும் ஓட்டம். இந்தக் கொட்டகையில் அவளுக்கென்று ஒரு முக்காலி இருந்தது. மழையில் நனையாமல் ஒரு வேலை செய்யலாம் என்பதையே இந்த வருஷம்தான் அவள் கண்டுபிடித்திருந்தாள்.

ஜகந்நாதன் வேண்டாமென்ற பூச்சிகளில் ஒன்றைக் குறட்டில் மாட்டிப் பார்த்தாள். ஒரு சிட்டிகை முடியை முள்ளின் முதுகில் வைத்து, சுற்றுமேல் சுற்றாக இறுக்கி, மிச்ச அடியை ஒரே வெட்டாக வெட்டியிருந்தாள். அந்த இடத்தில் படிக்கட்டுபோல ஒரு முண்டு. அதன்மேல் இறகைச் சுற்றினால் சரிந்து விழுகிறது, பூச்சி தலை கனத்துக் கவிழ்கிறது. சரி, முடியைக் குறைப்போம் என்று பார்த்தால் விரல்கள் கேட்கவில்லை. அவள் குறைக்கக் குறைக்க, அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அவையாகவே போய் இன்னும் நாலு முடியை எடுத்துக்கொண்டன. கொஞ்சமாக வைத்துக் கட்டுவது அவளுக்குக் கேவலம். ஒருவழியாகக் குறைத்துக் கட்டியபோதும் முண்டு போகவில்லை. சின்ன முண்டாக நின்றது.

மெலிசாகவும் இருக்க வேண்டும், நிறைவாகவும் தெரிய வேண்டும். அப்படிக் கட்டுகிற ஒரே ஒருத்தியை அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பே கசந்தது.

மாட்டுங்கா மார்க்கெட்டில் அவளுக்கு எதிர்க்கடை போட்டிருந்தவள் பார்வதியம்மாள். பூப்பந்தின் வெளிச்சுற்றை நெருக்கிக் கட்டுவாள். உள்ளே போகப்போக இளைத்துவிடும். கோமதியம்மாள் அதை வாங்குகிறவர்கள் முன்னாலேயே பிரித்துக் காட்டி, "களவுக் கட்டு" என்று கூவியிருக்கிறாள். அதற்குப் பிறகு இருவரும் பேசியதில்லை. கனவில்கூட ஒருத்தி வந்தால் மற்றவள் விழித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை கோமதியம்மாள் அவளுடைய பூக்கூடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"வாளா, நெருக்கக் கட்டுக்காரி! போலீசைக் கூட்டிட்டு வரலியா?"

"உள்கட்டு எப்பிடிக் கட்டுதே? காமி."

"எதுக்கு? ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கவா?"

"மீனுக்கு."

பார்வதியம்மாள் அவள் கண்ணை உற்றுப் பார்த்தாள். பைத்தியம் ஒன்றும் தெரியவில்லை. வால் முடி, முள், டிரம் எல்லாவற்றையும் கோமதியம்மாள் சொல்லி முடித்தபின் மற்றவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கருவேப்பிலைக்காரன் எழுந்து நின்றுவிட்டான். சிரித்து ஓய்ந்து, நாலு பூவை எடுத்தாள்.

"காம்பையெல்லாம் ஒரே எடத்துல போட்டா முண்டு விழாம என்னளா செய்யும்? ஒண்ணு முன்னே, ஒண்ணு பின்னே வையி. கிள்ளும்போதும் ஒரே அளவாக் கிள்ளாதே, சாச்சுக் கிள்ளு. நூலு முறுக்கா இருந்தா எதிர்ப்பக்கமா உருட்டி முறுக்கை எடு, பட்டையாப் படியும். ரெண்டு சுத்துல நிக்கதுக்கு நீ எட்டுச் சுத்துப் போடுதே. நம்பிக்கை இல்லாதவ கட்டுளா உன் கட்டு."

கடைசி வார்த்தை கோமதியம்மாளோடு தாராவிவரைக்கும் நடந்து வந்தது.

கொட்டகையில் உட்கார்ந்து முடியைச் சீவி, அடியில் இருந்த பஞ்சுபோன்ற பொடிமுடியை உதறினாள். மிச்சத்தைப் படியவைத்து, அடியைச் சாய்வாகக் கத்தரித்தாள். முறுக்கு எடுத்த பட்டுநூல் நாடாபோலப் படிந்தது. முடியின் அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எலிவால்போல இளைத்துக்கொண்டே போய் முள்ளோடு கலந்தன. முண்டு இல்லை. சிறகுகள் இரண்டும் பிரிந்து நின்றன. இடையில் வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்க்கையில் யாரையோ ஏமாற்றிவிட்டதுபோல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஜகந்நாதன் அதை டிரம்மில் போட்டார். மிதந்தது. ஊதினார். பாய்மரம்போலத் திரும்பிக்கொண்டு மிதந்தது. இன்னொரு தரம் ஊதக் குனிந்தபோது, டிரம்முக்குள் குடியிருந்த தவளை எட்டிப் பாய்ந்து அதைக் கவ்வியது. மாதிரி என்பதால் முள்ளின் முனையை முன்பே நறுக்கியிருந்தார்கள். ஆகவே தவளைக்கு மானக்கேட்டைத் தவிர வேறு சேதமில்லை.

"பேஷ்!" என்றார் ஜகந்நாதன். "ஆர்டர் உங்களுக்குத்தான். யார் கட்டு இது?"

"நம்ம கோமதியம்மா கட்டு," என்றார் ஷேக் பரீத்.

"கைதான் என்னுது," என்றாள் கோமதியம்மாள். முக்காலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். "கட்டு மாட்டுங்கா பார்வதியம்மாளுது."

சாயங்காலம் மார்க்கெட்டில் கூட்டம். கோமதியம்மாள் பார்வதியம்மாளின் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, எல்லாரும் பார்க்கப் பிரித்தாள். வாங்க வந்தவர்கள் பழைய சண்டை ஞாபகத்தில் நெருங்கி நின்றார்கள். உள்ளே எப்போதும்போல இளைத்துத்தான் இருந்தது. காம்புகள் முன்னும் பின்னுமாகப் போகிற வரிசையை அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"வெளியே ஒண்ணு உள்ளே ஒண்ணுன்னு விக்கது ஏமாத்துதான்," என்றாள் சத்தமாக. "ஆனா கட்டு நல்ல கட்டு. இதை நான் களவுன்னு சொன்னது தப்பு."

பார்வதியம்மாள் பந்தை வாங்கித் திரும்பச் சுருட்டினாள்.

"பாதியாவது வாயில வந்துதே," என்றாள். "உக்காரு. மழை வருது, சாக்கைப் பிடி."