‘ம’ போட்ட டப்பா

முனிகிருஷ்ணன் மகள் பச்சையம்மாவுக்குப் படிப்பு ஏறாது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. ஊர் என்ன ஊர், முதலில் சொன்னவன் அவளைப் பெற்றவன்தான்.

“பொங்க வரிக்கும் பாப்பேன் டீச்சரம்மா. அதுக்குள்ள ஒரு எய்த்தாவது கண்டுபுடிக்கலன்னா மாடு மேய்க்கப் போவட்டும்” என்று பால்வாடி வாசலில் நின்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டான். ஐந்து வயசுப் பெண்ணை மாட்டுக்குப் பின்னால் துரத்த இவனுக்கு என்ன அவசரமோ.

டீச்சர் குணசுந்தரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பொன்னேரியிலிருந்து தினமும் ரயிலேறி ஆரம்பாக்கம் வந்து இந்த வாண்டுகளைக் கட்டி மேய்ப்பவள் அவள். படப் புத்தகம் அனுப்புகிறோம் என்று மேலிடத்தில் சொன்னார்கள், சொன்னதோடு சரி. தரையில் சாக்கட்டியால் எழுத்தைப் பெரிதாக எழுதி, அதன் மேலேயே புளியங்கொட்டைகளை அடுக்கச் சொல்வாள். அதில் பச்சையை அடிக்க ஆளில்லை. நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, ஒரு கொட்டைகூடக் கோணாமல் அடுக்குவாள். ஆனால் அதே ‘ம’வைச் சுவரில் எழுதி “இது இன்னா கண்ணு?” என்றால் திருதிருவென்று முழிப்பாள். தரையில் கிடக்கும்வரை அவளுக்கு அது சொந்தக்காரி. சுவரில் ஏறிவிட்டால் யாரோ எவளோ.

குணசுந்தரி ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் மூளையைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள், பாவம்.

“நாளிக்கு எல்லாரும் ஊட்லேர்ந்து ‘ம’ போட்ட பொருள் எதுனா எட்துக்கினு வரணும். யாரையும் கேக்கக் கூடாது. நீங்களே தேடணும். கொண்டாந்தா கடலை உருண்டை.”

மறுநாள் காலையில் பால்வாடி சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள்தூள் பொட்டலம், கிழிந்த காலண்டர் தாள், யாருடைய கல்யாணப் பத்திரிகையோ. கோபால் என்ற பையன் ஒரு செங்கல்லைத் தூக்கி வந்து, அதில் ‘ம’ இருப்பதாகச் சாதித்தான். குணசுந்தரிக்குச் சிரித்து மாளவில்லை. ஆனால் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

பச்சை கடைசியில் வந்தாள். ஒரு தகர டப்பாவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தாள். பாவாடை முன்பக்கம் நனைந்திருந்தது. டப்பாவைக் கீழே வைக்காமலே, ஒட்டியிருந்த தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

“டீச்சர், ம.”

‘ம’தான். அச்சடித்த, அப்பழுக்கில்லாத ‘ம’. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே தேடி, அவளே கண்டுபிடித்த ‘ம’.

குணசுந்தரிக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களாடா! எங்க பச்சை கண்டுபுட்ச்சிட்டா!” என்று கத்தினாள். எல்லாரையும் கைதட்டச் சொன்னாள். அந்தக் கையிலேயே கடலை உருண்டையைக் கொடுத்தாள். ஒன்றல்ல, இரண்டு. பச்சை தின்று முடித்து விரல்களைச் சப்பினாள்.

அப்புறம்தான் நெடி மூக்கில் ஏறியது. ஆயா முத்தம்மா அடுப்பங்கரையிலிருந்து, “ஐயய்யோ, இன்னாம்மா இது, மருந்து நாத்தம்!” என்று ஓடி வந்தாள். குணசுந்தரி அப்போதுதான் ‘ம’வுக்கு முன்னும் பின்னும் இருந்ததைப் படித்தாள். பூச்சி மருந்து. நெல்லுக்கு அடிக்க முனிகிருஷ்ணன் வாங்கி, பரண் மேல் வைத்திருந்தது. மண்டையோட்டுப் படத்தைக் குழந்தையின் கை மறைத்திருக்கும் என்று பிற்பாடு சிலர் ஆறுதல் சொன்னார்கள். மறைக்கவில்லை. எழுத்துத் தெரிந்த குணசுந்தரி எழுத்தை மட்டும்தான் பார்த்தாள்.

சோப்பு போட்டுக் கழுவினார்கள். உப்புத் தண்ணீர் புகட்டினார்கள். அதற்குள் வாயில் நுரை தள்ளி, கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் போன லாரியை மறித்து ஏறினாள் குணசுந்தரி. பொன்னேரி ஆஸ்பத்திரிவரை பச்சை தாங்கவில்லை. கும்மிடிப்பூண்டி தாண்டும்போதே மடியில் அசைவில்லை.

சாயங்காலம் முனிகிருஷ்ணன் வீட்டு வாசலில் ஊர் கூடியிருந்தது. அவன் தன் பெண்டாட்டி சம்பூர்ணத்தின் தலைமயிரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

“பரண் கிட்ட ஏணிய யாருடி வெச்சது? கொய்ந்த வெளையாட்டா எட்துக்கினு போற வரிக்கும் இன்னாடி பண்ணிக்கினு இருந்த?”

பெரியவர்கள் விலக்கிவிட்டார்கள். ஆனால் அவர்கள் முகத்திலும் அதே கேள்விதான். வாண்டுகள் பேச்சு எடுபடாது; குணசுந்தரி வாயைத் திறக்காவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். குழந்தை விளையாட்டு, தாயின் கவனக்குறைவு. ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். எழுந்தாள். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

“வெளையாட்டு இல்ல. அவங்க மேல தப்பில்ல” என்றாள். “நான்தான் எடுத்துக்கினு வரச் சொன்னேன். ‘ம’ போட்டது எதுனா கொண்டான்னு நான்தான் சொன்னேன்.”

முனிகிருஷ்ணனின் மறுபடி ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கியது.

சம்பூர்ணம் அவிழ்ந்த தலையோடு எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தாள் குணசுந்தரி. அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

“டீச்சரம்மா, எம்பொண்ணு எய்த்த காட்னாளா?”

“காட்னா. தானே காட்னா.”

“அதான் அந்த எய்த்துன்னு சரியா தெரிஞ்சிதா அவளுக்கு?”

“தெரிஞ்சிதும்மா.”

சம்பூர்ணம் அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்தாள்.

“தெரியாமயே இருந்திருக்கக் கூடாதா” என்றாள்.